மூச்சுக் கொப்பு

மச்சான், உன் கத்தி பத்திரமா திரும்பி வந்துருச்சு. கத்தியோட நானும் வந்துட்டேன். இந்த வரிசையிலதான் உன் பொண்டாட்டியும் விசாரிச்சா. பதுளையில பஸ் ஏறி, ஸ்பிரிங்வெளியில எறங்கி, பொட்டியைத் தூக்கிக்கிட்டு மூச்சு வாங்க நம்ம லயத்து வீட்டுப் படியில ஏர்றேன். "வாங்கண்ணே"ன்னு ஒரு வார்த்தை இல்ல. "கத்தி எங்க?"ன்னா. என் கூடப் பொறந்த தங்கச்சி அது. உன்கூட முப்பத்தெட்டு வருசம் குடும்பம் நடத்துனவ வேற எப்புடி இருப்பா?

பொட்டியைத் தொறந்து கத்தியை எடுத்துக் குடுத்தேன். நீ தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டயில இடுப்புல கட்டுற படங்குச் சாக்கு இருக்கே, அதுலதான் சுத்தி வச்சிருந்தேன். பிரிச்சதும் குப்புன்னு வந்துச்சு மச்சான் உன் வாடை. வெத்தலை, தேங்கா எண்ணெய், பச்சைத் தேயிலைக் குச்சி, அப்புறம் சவர்க்காரத்துக்கு நீ காட்டுன பகை. தங்கச்சி சாக்கை மூஞ்சிகிட்ட வச்சு மோந்து பாத்துட்டு, "அவரு வாடை கொஞ்சம் கொறைஞ்சிருச்சேண்ணே"ன்னா.

"அஞ்சு மாசம் நேபாளத்துல இருந்துச்சுல்ல. அவனுக்கும் கொஞ்சம் நாகரீகம் வந்துருச்சு"ன்னேன்.

அந்தச் சாக்காலயே ஒண்ணு போட்டா. அப்பத்தான் வீட்டுக்கு வந்து சேந்த மாதிரி இருந்துச்சு.

உன் இடத்துக்குத்தானே நான் போனேன். அது உனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். நேபாளத்துல சின்னச் சின்னத் தேயிலைத் தோட்டம் வச்சிருக்கிற சனங்களுக்குக் கவ்வாத்து காட்டிக் குடுக்க ஒரு ஆளு வேணும், சம்பளம் கெடையாது, சோறும் படுக்கையும் தருவோம்னு அந்தத் தொண்டு வேலைக்காரங்க வந்து கேட்டப்ப, ஒத்தக் கையி தூக்குனவன் நீதான். நான் உன்னைக் கேலி பண்ணேன். "சும்மா வேலை செய்யிறதுக்கு ஏம்ப்பா பிளேன் ஏறிப் போற? இங்க இவ்வளவு நாளா அதைத்தானே செஞ்ச?"ன்னேன். நீ சட்டையே பண்ணல. பதுளைக்குப் போயி, ஸ்டூடியோக்காரரு கோட்டை மாட்டிக்கிட்டு பாஸ்போட்டுக்குப் படம் புடிச்சிட்டு வந்த. அந்தப் படத்துக்குத்தான் இப்ப மாலை போட்டு வீட்டுக் காம்பராச் செவுத்துல மாட்டியிருக்கு. மாலை போட்ட கோட்டு தன்னோடதுன்னு ஸ்டூடியோக்காரருக்கு இன்னும் தெரியாது.

அதுக்கப்புறம் ரெண்டு மாசம்கூட ஆகல. மலையில வேலை செஞ்சுக்கிட்டிருந்தவன், நெஞ்சைப் புடிக்குதுடான்னு செடிக்குப் பக்கத்துல உக்காந்த. தண்ணிப் போத்தல எடுத்துக்கிட்டு நான் வந்தேன். நீ காத்திருக்கல. எதுக்குத்தான் நீ காத்திருந்த?

காரியம் முடிஞ்ச கொஞ்ச நாள்ல அந்த ஆளுங்க திரும்ப வந்தாங்க. வேற யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டாங்க. கணக்கப்புள்ளை என்னைக் கையைக் காட்டிச் சொல்றாரு: "நல்லா வெட்டுறவன் போயிட்டான். இவன்தான் மிச்சம்." என் வாழ்க்கையில எனக்குக் கெடைச்ச பெரிய நற்சாட்சிப் பத்திரம் அதுதான் மச்சான்.

கௌம்புற அன்னைக்கி தங்கச்சி உன் கத்தியைக் கொண்டாந்து குடுத்தா. "அவரு போகல, இதாவது போகட்டும்"னா.

அங்க போயி நான் செஞ்ச முட்டாத்தனத்தைக் கேளு.

நமக்குள்ள எத்தனை வருசச் சண்டை அது? கவ்வாத்துன்னா செடியை முழங்கா உசரத்துக்கு வெட்டி எறக்குறது. நீ என்ன செய்வ, ஒவ்வொரு செடியிலயும் ஒரே ஒரு கொப்பை இலையோட நிக்க விட்டுட்டு மத்ததை வெட்டுவ. "செடி மூச்சுக்கு ஒண்ணு விடுடா, படுபாவி"ம்ப. நான் விட மாட்டேன். மொட்டைன்னா மொட்டை, அதுல என்ன ஒத்தக் குடுமின்னு சுத்தமா வெட்டிட்டுப் போயிருவேன். தொரை மலைக்கு வந்தா மட்டும் நானும் ஒரு கொப்பு விடுவேன். அவரு ஜீப்பு திரும்புனதும் அதையும் எடுத்துருவேன். நீ தூரத்துல நின்னு தலையில அடிச்சுக்குவ. சோறு திங்கயிலயும் இதே பேச்சு, கல்யாண வீட்டுலயும் இதே பேச்சு. ஒரு தடவை தங்கச்சி ரெண்டு பேரையும் வெளியில தள்ளிக் கதவைச் சாத்துனாளே.

இப்ப பாரு. நேபாளத்துல பனியடிக்கிற மலை. நம்ம நமுனுகுலை மலையைத் தூக்கிக்கிட்டுப் போயி அங்க வச்சா, சின்னப்புள்ள வழி தவறி வந்துருச்சுன்னு சொல்லுவாங்க. அங்க ஒரு அம்மா, எல்லாரும் தீதிம்பாங்க. அவங்க பாசையில அக்கான்னு அர்த்தம். அவங்க தோட்டத்துலதான் எனக்கு மொத வேலை. உன் கத்தியை எடுத்து ஒரு வரிசை வெட்டி முடிச்சு நிமுந்து பாக்குறேன். எல்லாச் செடியிலயும் ஒரு கொப்பு நிக்குது.

சாமி சத்தியமா நான் நெனைச்சு விடல மச்சான். கையி விட்டுருச்சு. உன் கத்தி, உன் படங்கு, கையும் உன் பேச்சைக் கேட்டுருச்சு போல.

தீதி வந்து பாத்தாங்க. இடுப்புல கையை வச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. அந்த ஒத்தக் கொப்பைக் காட்டி, கையி ரெண்டையும் றெக்கை மாதிரி ஆட்டி, "கா, கா"ன்னாங்க. காக்கா உக்காரவா விட்டிருக்கன்னு கேலி!

எனக்கு வந்துச்சே கோவம். கேலி பண்றது என் தொழிலு, எங்கிட்டயேவா? அதுலயும் உன் வேலையை வேற ஒருத்தர் கேலி பண்றதா? அந்த உரிமை எனக்கு மட்டுந்தானே இருந்துச்சு. மூச்சுக்குன்னு அவங்களுக்கு வெளங்க வைக்கணும். பாசை தெரியாது. மூக்கைப் புடிச்சுக்கிட்டு, வாயையும் மூடிக்கிட்டு, முகம் செவக்குற வரைக்கும் நின்னு காட்டுனேன். அந்தம்மா பதறிப் போயி தன் உடுப்பை மோந்து பாத்துட்டு, ஆட்டுக் கொட்டகைப் பக்கம் பாக்குறாங்க. நாத்தம் தாங்கலன்னு நான் சொல்றேனாம்.

கடைசியில ரெண்டு பேரும் பந்தயம் கட்டுனோம். அஞ்சு வரிசை அவங்க மொட்டையா வெட்டுறது. ஆமா, அங்க பொம்பளைங்கதான் கத்தி புடிக்கிறாங்க, என்னா வீச்சுங்கிற! அஞ்சு வரிசை நான் ஒரு கொப்பு விட்டு வெட்டுறது. பங்குனியில தளுத்துச்சு. பத்து வரிசையும் ஒண்ணா, ஒரே மாதிரி. அப்புறந்தான் சொன்னாங்க, பனிக்காலத்துல அங்க செடி தூங்கிருமாம். தூங்குற செடியை எப்புடி வெட்டுனாலும் ஒண்ணும் ஆவாதாம். நான் விட்டுக் குடுக்கல. எங்க மச்சான் வரிசைதான் பச்சை கூடன்னு பிளேன் ஏர்ற வரைக்கும் சாதிச்சேன். உன் கட்சியில நின்னு, உனக்காக, வெளிநாட்டுல சண்டை போட்டிருக்கேன். நீ உசுரோட இருந்திருந்தா இதைக் கேட்டே போயிருப்ப.

ஊருக்கு வந்தா எல்லாரும் ஒரே கேள்வி. "அடுத்து என்ன செய்யப் போறீங்க?" அறுபத்தெட்டு வயசுல அடுத்து என்ன செய்வாங்க? நம்ம மரண உதவிச் சங்கத்துத் தலைவர்கிட்டப் போனா, "வெளிநாடு போனவங்க பேரை வெட்டிட்டோம் அண்ணே. இப்பச் சேந்தா ஆறு மாசம் கழிச்சுத்தான் செல்லும்"ங்கிறாரு.

"அப்ப ஆறு மாசத்துக்கு நான் சாகப்படாதா தம்பி?"

"செத்தா அது உங்க சொந்தப் பொறுப்பு."

சரி, அதையும்தான் தள்ளிப் போட்டாச்சு. நேபாளத்துக்காரங்க வேற வாற பனிக்காலத்துக்கும் வாங்கன்னு, நெரப்பிப் போடச் சொல்லி ஒரு பாரத்தை அனுப்பியிருக்காங்க. அது சாமிப் படத்துக்குப் பின்னால கெடந்துச்சு. ஏன்னா அதுக்கு முன்னால ஒரு வேலை இருந்துச்சு.

லயத்துக்குப் பின்னால, தோட்டத்துல உனக்குன்னு பிரிச்சுக் குடுத்த பதினோரு வரிசைத் தேயிலை. நீ போனதுக்கப்புறம் யாரும் கத்தி வைக்கல. ஆள் உசரத்துக்கு வளந்து, உள்ள பாம்பு குடும்பம் நடத்துற மாதிரிக் கெடந்துச்சு. ஆவணிக்குள்ள கொழுந்து எடுக்குற மாதிரிக் கொண்டு வரலன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவோம்னு கணக்கப்புள்ளை சொல்லிட்டுப் போயிட்டாரு. தங்கச்சிக்குன்னு இருக்குறது அது ஒண்ணுதான். கொழும்புல மகன் வீட்டுக்குப் போயி மருமக கையில சோறு வாங்கித் திங்கிறதா, இங்க தன் கொழுந்தைத் தான் பறிச்சுக்கிட்டு இருக்குறதான்னு அந்தப் பதினோரு வரிசைதான் முடிவு பண்ணணும். நம்ம ஆளுங்கள்ல நாலு பேர்கிட்டக் கேட்டிருக்கா. நாளைக்கி நாளைக்கின்னே நாளு போயிருச்சு.

"நான் வெட்டித் தாறேன்"னேன்.

"நீங்க மொட்டையா வெட்டுவீங்க. அவரு மாதிரி வெட்டணும்."

"தாயி, அவன் மாதிரி வெட்டித்தான் அங்க மானத்தைக் கப்பலேத்திட்டு வந்திருக்கேன்."

நம்பல. போனுல இருந்த படத்தைக் காட்டுனேன். அவ நான் வெட்டுனதைப் பாக்கவே இல்ல. கத்தியோட நிக்கிற தீதியைத்தான் பாத்தா. ரெண்டு விரலால இழுத்து இழுத்துப் பெருசாக்கிப் பாத்தா.

"இந்தம்மாவுக்கு என்ன வயசு இருக்கும்ண்ணே?"

"உன்னைவிட ரெண்டு மூணு கூட இருக்கும்."

மறுநாள் காலையில நான் தேத்தண்ணி குடிச்சிட்டுப் பின்னால போறேன், உன் படங்கை இடுப்புல இறுக்கிக் கட்டிக்கிட்டு, உன் கத்தியோட மொத வரிசையில நிக்கிறா என் தங்கச்சி. நம்ம தோட்டத்துல எந்தப் பொம்பளையாவது கவ்வாத்துக் கத்தி புடிச்சுப் பாத்திருக்கியா? லயமே வெளியில வந்துருச்சு. "அக்கா, அத்தான் பாத்தா எந்திரிச்சு வந்துருவாரு!"ன்னு ஒருத்தி கத்துறா. இவ நிமுந்துகூடப் பாக்கல. "வரட்டும். மிச்சத்தை அவரே வெட்டட்டும்"ங்கிறா.

மொத ரெண்டு நாளு செடியைக் கடிச்சுத் துப்புன மாதிரிதான் வெட்டுனா. நான் சும்மா இருப்பேனா, காக்கா மாதிரிக் கத்திக் காட்டுனேன். மூணாம் நாளு கையி திரும்பிருச்சு. சரிவா, ஒரே வெட்டு. முப்பத்தெட்டு வருசம் உனக்குச் சோறு கொண்டு வந்து மலையில நின்னு பாத்தவ கண்ணு. ஒவ்வொரு செடியிலயும் ஒரு கொப்பு தப்பாம நின்னுச்சு. வரிசைக்கு ஒரு முனையில இருந்து அவ, மறுமுனையில இருந்து என் பழைய கத்தியோட நான்.

பதினோராவது வரிசையில, தண்ணி புடிக்கிற பீலிக்கரை ஓரத்துல, நான் நின்னுட்டேன்.

மூச்சுக் கொப்பு விட்ட செடியில, செடி தளுத்ததுக்கப்புறம் அந்தக் கொப்பை எடுத்த தழும்பு தனியாத் தெரியும். மத்ததைவிட உசரமா, தடிச்சு இருக்கும். பத்து வரிசையிலயும் அந்தத் தழும்பு இருந்துச்சு. இந்த வரிசையில ஒண்ணுலயும் இல்ல. எல்லா வெட்டும் ஒரே மட்டம். மொட்டை மச்சான். சுத்தமான மொட்டை. என் வெட்டு. ஆனா நான் வெட்டல. செடி எல்லாம் கல்லு மாதிரி நிக்குது, ஒண்ணுகூடச் சாகல.

"தாயி, இங்க வா. இதை யாரு வெட்டுனா?"

தங்கச்சி வந்து பாத்தா. முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. அவ சிரிக்கிறாளா அழுவுறாளான்னு எனக்கு வெளங்கல. அப்புறம் சொல்றா: "போன தடவை கவ்வாத்துல அவருதாண்ணே வெட்டுனாரு. 'உங்கண்ணன் சொல்றதையும் ஒரு தடவை பாத்துருவோம்'னாரு. செடி தளுத்ததும் தெனம் வந்து வந்து பாப்பாரு. 'அவன்கிட்ட வாயைத் தொறந்த, தொலைச்சுப்புடுவேன்'னாரு."

அட கள்ளப்பயலே! எத்தனை நாளு என் சோத்துல கை வச்சுக்கிட்டு, மூச்சு மூச்சுன்னு என் மூச்சை வாங்குன! வீட்டுக்குப் பின்னால என் கட்சிக்கு ஓட்டுப் போட்டுட்டு வந்து உக்காந்திருக்க. நான் நேபாளத்துல மூக்கைப் புடிச்சுக்கிட்டு உன் கட்சிக்குப் பிரசாரம் பண்ணிக்கிட்டிருக்கேன். பீலிக்கரையில உக்காந்து சிரிச்சேன் மச்சான், தண்ணி எடுக்க வந்ததுங்க எல்லாம் பயந்து போற மாதிரி. தங்கச்சியும் சிரிச்சா. நீ போனதுக்கப்புறம் அவ அப்புடிச் சிரிச்சு நான் பாக்கல.

அந்த வரிசையை நான்தான் வெட்டுனேன். ஒவ்வொரு செடியிலயும் ஒரு கொப்பு விட்டேன். தொரையும் இல்ல, ஜீப்பும் இல்ல.

இப்ப ரெண்டு மாசம் ஆச்சு. பதினோரு வரிசையும் தளுத்துருச்சு. கணக்கப்புள்ளை வந்து நின்னு பாத்துட்டு, "யாரு வெட்டுனது?"ன்னு கேட்டாரு. "மிச்சம் இருந்தவங்க"ன்னேன். உன் பேருல இருந்த தேயிலைத் துண்டை அவ பேருக்கு எழுதிட்டுப் போனாரு. சாமிப் படத்துக்குப் பின்னால இருந்த பாரத்தை எடுத்து, ரெண்டு ஆளு வாறோம்னு எழுதிப் போட்டாச்சு. தங்கச்சி பதுளைக்குப் போயி அதே ஸ்டூடியோவுல படம் புடிச்சா. நல்லவேளை, கோட்டு கேக்கல. பாஸ்போட்டு வந்துரும், ஆனா உன் கத்தி ஒண்ணுதான். அது தன்னோடதுங்கிறா. அதுக்குத்தான் இப்ப வீட்டுல தெனம் சண்டை. சண்டை இல்லாம எனக்கும் சோறு எறங்காதுன்னு உனக்குத் தெரியுந்தானே.

நேத்து மொதக் கொழுந்து பறிச்சுக்கிட்டிருந்தவ, கடைசி வரிசையில நின்னு கேக்குறா: "சொல்லுங்கண்ணே, போன தடவை மொட்டை, இந்தத் தடவை கொப்பு. எது நல்லாத் தளுத்துச்சு? யாரு சொன்னது சரி?"

எனக்குத் தெரியும் மச்சான். பாத்ததும் தெரிஞ்சு போச்சு.

நீ சொல்லாமத்தானே போன? நானும் சொல்ல மாட்டேன்.