பண்ணையை வேறு டிஸ்க்குக்கு மாற்றியது

29 செப்., திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருவதுபோல் காட்டிவிட்டு ஏமாற்றியது. மண்ணூர்பேட்டைக் கம்பெனியிலிருந்து வீடு வரை பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம். கால் என்னுடையது மாதிரியே இல்லை.

கம்ப்யூட்டரில் பழைய ஹார்ட் டிஸ்க் கடகடவென்று சத்தம். கடைக்காரர் பார்த்துவிட்டு, "எப்போ வோணா பூடும்க்கா. உள்ள கீறதெல்லாம் சீக்கிரம் எட்துடு" என்றார். பக்கத்திலேயே புது டிஸ்க் மாட்டிக் கொடுத்திருக்கிறார். மாற்றுவது என் பாடு.

உள்ளே முக்கியமானது அந்தப் பண்ணை விளையாட்டுதான். வீட்டுக்காரர் சிங்கப்பூர் போனதிலிருந்து ஞாயிறுதோறும் அவர் அங்கே, நான் இங்கே, ஒரே வயலில் உழவு. போனில் என்றால் "சாப்ட்டியா", "ம்", அவ்வளவுதான். வயலில் இறங்கினால் மட்டும் இரண்டு பேருக்கும் வாய் ஓயாது. பண்ணை சேமிப்பில் இருப்பது என் கம்ப்யூட்டரில் மட்டும். அது போனால் ஞாயிறும் போச்சு. பயமாகவே இருக்கிறது.

30, செவ்வாய்

கம்பெனியில் பூஜை இன்றைக்கே. லேத் மெஷினுக்கெல்லாம் மாலை. பொரி, கடலை, ஆளுக்கொரு ஆப்பிள். பூசணிக்காய் உடைத்த இடத்தில் வழுக்கி விழப் பார்த்தேன்.

வாங்க: சந்தனம், வாழையிலை, மாமியாருக்கு முட்டிவலித் தைலம்.

மாற்ற வேண்டியவை இரண்டு. விளையாட்டு: நூறு ஜி.பி.க்கு மேல், அவர் சேர்த்துவைத்த டிராக்டர், மாடு எல்லாம் சேர்த்து. எங்கள் பண்ணை: தனி ஃபோல்டர், துளியூண்டு. பெரியதை முதலில் முடிப்போம், சின்னது கண்ணிமைக்கிற நேர வேலை.

சாயங்காலம் ஆரம்பித்தேன். கரண்ட் போனது. இன்வெர்ட்டர் ஃபேனுக்கும் லைட்டுக்கும்தான். நாளைக்கு மறுபடி முதலிலிருந்து.

1 அக்., ஆயுத பூஜை

லீவு. காலையிலேயே மாற்றுவதை ஓடவிட்டுவிட்டுச் சமையலுக்குப் போனேன். சுண்டல், வடை, பாயசம். எட்டிப் பார்த்தபோது பாதி தாண்டியிருந்தது. அடுத்த தடவை வந்தால் திரை இருட்டு. மாமியார் பிளக்கைப் பிடுங்கி, பெட்டியை ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, உச்சியில் ஒரு சாமந்தி.

"அய்யோ அத்தை, ஓடிக்கிட்டு இருந்துச்சே!"

"ஷாக்கு அட்ச்சா இன்னா பண்றது? அதான் புடுங்கிட்டு தொட்ச்சேன். தையல் மிஷினுக்கு வெச்சேன், அருவாமனைக்கு வெச்சேன், இதுக்கு மட்டும் இன்னாத்துக்கு ஓரவஞ்சன?"

திரும்பப் போடப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். பூஜையில் வைத்ததை நாளைக் காலை வரை தொடக் கூடாதாம். "அதுக்கும் ஒரு நாள் ரெஸ்ட்டு குடு கண்ணு. நீயும் செத்த நேரம் படு."

கோபம் தலைக்கேறியது. சண்டை போடத் தெம்பில்லை. போய்ப் படுத்தேன். தூக்கமும் இல்லை.

2, வியாழன்

கற்பூரம் காட்டி, மாமியாரே பிளக்கைச் சொருகினார். புது டிஸ்க்கில் விளையாட்டு முக்கால்வாசி. திரையில் பழைய டிஸ்க்கையே காணோம். டக் டக் என்று ஒரு சத்தம், அப்புறம் அதுவும் இல்லை. கடைக்குத் தூக்கிப் போனேன்.

"ஆள் அவுட்டுக்கா."

விளையாட்டை நெட்டில் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். பண்ணையை எங்கே போய் இறக்குவது? அந்தத் துளியூண்டை முதலில் எடுத்திருந்தால்... சீ.

வீட்டுக்கு வந்ததும் மாமியார்: "என்னாலதான் பூட்ச்சா?"

"இல்ல அத்தை, டிஸ்க் பழசு."

பாதி உண்மை. அவர் முகம் கூம்பிப்போனது. நேற்றைய வடையைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து வைத்தார். தின்றேன்.

5, ஞாயிறு

மழை. ஏரிப் பக்கமிருந்து காற்று. துணி காயவில்லை.

அவருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். உடனே ஒவ்வொன்றாகக் கணக்குக் கேட்க ஆரம்பித்தார்.

"மாட்டுக் கொட்டா?"

"போச்சு."

"நீ நட்டியே, கரும்பு?"

"அதுவும்."

"வாய்க்கா மேல பாலம் கட்னோமே, மீனா?"

அழுகை வந்துவிட்டது. அவர் விடவில்லை. கோழிக்கூண்டு, சோளக்கிடங்கு, மாமரம் என்று கேட்டுக்கொண்டே போகிறார், நான் போச்சு போச்சு என்கிறேன். கரும்பு வயலில் அவர் டிராக்டரைக் கவிழ்த்தது நடுவில் ஞாபகம் வந்தது. இரண்டு பேருக்கும் சிரிப்பு. சோறு ஆறிப்போனது. சாப்பிட்டியா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

"செரி, புச்சு பண்ணைல கெணறு எந்தப் பக்கம் வெக்கலாம்?"

கிழக்கே, என்றேன். இதை எழுதும்போதும் ஸ்பீக்கரில் அவர் குரல். மேற்கேதான் வைக்க வேண்டுமாம்.