பஸ் நிற்காத இடத்தில் ஒரு கடை

அன்பானவருக்கு,

வவுனியாவுக்கு அப்பால், பெருந்தெருவோரமாக உங்கள் அண்ணா எங்களை வாங்கச் சொல்லும் கடையை நேற்று மறுபடியும் பார்க்கப் போனேன். அவருக்குச் சொல்லவில்லை.

போன மாதம் அவர் காரில் கூட்டிப்போனபோது கடை வாசலில் வரிசையாகப் பஸ்கள் நின்றன. தேத்தண்ணி குடிக்க அவ்வளவு சனம். நேற்று வெள்ளவத்தையில் பஸ் ஏறி, அங்கே இறக்கச் சொன்னேன். கொண்டக்டர் சிரித்தான்.

"அங்க பஸ் நிக்கிறேல்ல அக்கா. போன மாசம் ஒராள் காசு தந்து, ஒரு நாள் மட்டும் நிப்பாட்டச் சொன்னவர்."

ஆள் யாரென்று கேட்டேன். பெயர் தெரியாதாம். நெற்றியில் வெட்டுத் தழும்பாம்.

இன்று பின்னேரம் அண்ணா வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். அவர் நெற்றியைப் பார்க்காமல் இருக்கத்தான் பெரும்பாடு பட்டேன்.

டோஹாவிலிருந்து நீங்கள் இன்னும் காசு அனுப்பவில்லைத்தானே?

உங்கள் மனைவி