சோறு பேந்து

நேற்றுச் சந்தைக்குப் போயிருந்தேன். பழக்கடைக்காரர் வெட்டி வைத்திருந்த மெலன் பழத்தில் ஒரு துண்டைக் குச்சியில் குத்தி, ருசி பாருங்கள் மடாம் என்று பிரெஞ்சில் சொல்லி நீட்டினார். வாய்க்குக் கொண்டுபோக முதலே மூக்கு அந்த மணத்தைப் பிடித்துவிட்டது. மற்றப் பெண்சாதிமாருக்குப் புருசனின் சேட்டு மணம், சவர்க்கார மணம் என்று ஏதாவது நினைவுக்கு வருமாம். எனக்குப் பாருங்கள், வெள்ளரிப்பழ மணத்தில் நீங்கள் வந்து நிற்கிறீர்கள். அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது. அந்த மனுசன் பயந்துபோய் இன்னொரு துண்டையும் சும்மா தந்தார்.

உங்கள் முப்பத்தோராம் நாளுக்கு உங்கள் தம்பி அச்சடித்த நினைவு மலர் இன்னும் அலுமாரியில் இருக்கிறது. சைவநெறி வழுவாதவர், அமைதியானவர், உழைப்பாளி என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். சாக்கே பற்றி ஒரு வரி இல்லை. வாசிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அழவேண்டிய இடத்தில் சிரித்தால் சனம் என்ன நினைக்கும்? நினைத்தால் நினைக்கட்டும். அவர்கள் விட்டதை நான் எழுதுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் போயிருக்கும். மொன்றியல்-நோரில் அந்த மூன்றாம் மாடி வீட்டில் இருந்தோம். நீங்கள் துறைமுகத்தடி வெயர்ஹவுஸ் ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓடினீர்கள். நான் கார்டெரி என்கிற பிள்ளைக் காப்பகத்தில் சமைத்தேன். ஒருநாள் வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், "இஞ்சரும், ஒரு புதினம்" என்றீர்கள். ஜப்பானிலிருந்து வந்த கொள்கலனில் ஒரு பெட்டி உடைந்து போத்தல் நொருங்கிவிட்டதாம். நிலமெல்லாம் வெள்ளரிப்பழ மணமாம்.

"பழம் ஒண்டும் போடேல்லையாம். முழுக்க அரிசியும் தண்ணியும்தானாம். அரிசிக்கு எங்கால வெள்ளரிப்பழ மணம், சொல்லும் பாப்பம்?"

"குடிவகைதானே?"

"ஓம். சாக்கே எண்டுறாங்கள்."

"அப்ப சப்பாத்தை வெளியில கழட்டிப்போட்டு, மேலைக் கழுவிப்போட்டு வாங்கோ."

என் அளவில் கதை அதோடு முடிந்தது. உங்கள் அளவில் அன்றுதான் தொடங்கியது.

அந்தச் சரக்கைக் கொண்டுவருகிறவள் இசபெல் என்ற கெபெக் பெண். சில காலம் ஜப்பானில் இருந்து அந்தப் பாஷை படித்தவள். அவள் வந்தபோது நீங்கள் அந்த மணத்தைப் பற்றி விசாரித்தீர்கள். கிருமி சாகச் சூடு காட்டாமலே போத்தலில் அடைத்த சாக்கே அது, வெயிலில் கிடந்தால் பழுதாகிப் போய்விடும் என்று அவள் சொன்னாள். அதுவரைக்கும் அது இறக்கின இடத்திலே தன் பாட்டில் கிடந்திருக்கிறது. அன்றிலிருந்து அவளுடைய பெட்டிகள் வந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் அவற்றைக் குளிரறைக்குள் கொண்டுபோய் வைத்தீர்கள். ஒருவரும் செய்யச் சொல்லவில்லை.

"கைப்பிள்ளையைத் தூக்கிற மாதிரித் தூக்கிறன்" என்று எனக்குப் பெருமை அடித்தீர்கள்.

"எங்கட பிள்ளையை அப்பிடித் தூக்கினதாய் எனக்கு ஞாபகமில்லையே" என்றேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

நன்றிக்கு இசபெல் ஒரு போத்தல் தந்தாள். எங்கள் வீட்டுக்குள் குடி கிடையாது, அது என் சட்டம். சாமிப்படம் வைத்து விளக்கு ஏற்றுகிற வீடு, போத்தல் வாசல்படி தாண்டக்கூடாது என்று கலியாணம் கட்டிய புதிதிலேயே சொல்லிவிட்டேன். நீங்கள் வாக்குவாதப்படவில்லை. பின்பக்கப் பல்கனியில் ஒரு பெட்டி வைத்து அதற்குள் போத்தலை வைத்தீர்கள். மாரியில் தடித்த ஜக்கெற்றும் தொப்பியும் போட்டுக்கொண்டு, பனிக்குள் கால் புதைய, ஒரு சின்னக் கிண்ணத்தோடு நிற்பீர்கள். கதவுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க எனக்கு எரிச்சலும் வரும், சிரிப்பும் வரும். உங்கள் கூட்டாளிமார் விஸ்கியை மடக்மடக்கென்று விழுங்கிவிட்டு அரசியல் கதைப்பார்கள். நீங்கள் ஒரே ஒரு கிண்ணத்தை மூக்கடியில் பிடித்துக்கொண்டு, ஏதோ யோசித்து யோசித்து, அது முடியும்வரை வாயே திறக்கமாட்டீர்கள்.

முடிந்ததும் திறப்பீர்கள், அப்பப்பா! கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்துக்கொண்டு பாடம் நடத்துவீர்கள். குளிர் முழுக்க வீட்டுக்குள் வரும். அரிசியை வெளித்தோல் மட்டுமில்லை, உள்ளேயும் அரைவாசி போகும்வரை தேய்த்து எடுப்பார்களாம். நடுமணி மட்டும்தான் சாக்கேக்காம்.

"மற்ற அரைவாசி? எறியிறதோ? பாவம் பிடிக்கும்."

"எறியிறேல்லையாம். அந்த மாவில பலகாரம் செய்வினமாம்."

"பேந்து?"

"பேந்து அவிச்ச அரிசியில பூஞ்சணம் பிடிக்க விடுவினமாம்."

"பூஞ்சணம் பிடிச்சதைக் குப்பையில கொட்டத்தான் எனக்குத் தெரியும். கதவைச் சாத்துங்கோ!"

சாத்தச் சொன்னேனே தவிர, நீங்கள் சொன்னது எனக்குள் நின்றது. அரிசி ஊறவைக்கிறபோதெல்லாம், இதற்குள் எங்கே அந்தப் பழ மணம் ஒளிந்திருக்கிறது என்று யோசிப்பேன். உங்களிடம் சொன்னால் தலையில் ஏறி இருப்பீர்கள் என்று சொல்லவில்லை.

பிறகு ஒரு கோடையில் அந்தச் சாக்கேயை வடிக்கிறவரே மொன்றியலுக்கு வந்தார். அவர்களுக்கு வேலை முழுக்க மாரியில்தான், கோடையில்தான் வெளிக்கிடலாம். இசபெல் உங்களைப் பற்றி அவரிடம் முன்னரே சொல்லியிருக்கிறாள். என் சரக்கைக் குளிரில் வைக்கிற அந்த மனுசனைப் பார்க்கவேண்டும், உணவகத்தில் வேண்டாம், அவருடைய வீட்டில் என்று கேட்டாராம். அவள் குறித்த நாள் வெள்ளிக்கிழமை.

"வேற நாள் கிடைக்கேல்லையோ அந்த மனுசனுக்கு?" என்றேன்.

"சனி விடிய அவருக்குப் பிளேன்."

"நான் விரதம். வீட்டில மச்சமே காய்ச்சாத நாளிலை போத்தலோ?"

நீங்கள் கதிரையில் இருக்கக்கூட இல்லை. நின்றபடியே சொன்னீர்கள். "இஞ்சரும், நான் உம்மட்டை ஒண்டும் கேக்கிறேல்லை. அந்த மனுசன் வடிச்சதை அந்த மனுசனோட இருந்து, என்ர வீட்டு மேசையில, ஒருக்கா குடிக்கவேணும். அவரைக் கொண்டுபோய்ப் பல்கனியில நிப்பாட்டேலுமோ?"

இத்தனை வருடமும் அந்தப் பல்கனியில் உங்களுக்குக் குளிர்ந்தது என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. ஆனால் நான் லேசில் இறங்கிவருகிற ஆளா? மூஞ்சியை நீட்டிக்கொண்டே திரிந்தேன். வியாழன் பின்னேரம்தான், "வரட்டும். ஆனா சமையல் சைவம்" என்றேன். "ஓம், ஓம், ஓம்" என்று நீங்கள் துள்ளியதைப் பார்க்கவேண்டுமே.

அவர் வந்தார். வயதானவர், கட்டையான ஆள். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றி வடிவாகத் திருப்பி வைத்தார். அதிலேயே எனக்கு அரைவாசிக் கோபம் போய்விட்டது. உள்ளே வந்து சாமிப்படத்துக்கு முன் நின்று குனிந்து கும்பிட்டார். நேரே குசினிக்குள் வந்து, இசபெல் மூலம், அரிசியைப் பார்க்கலாமா என்று கேட்டார். அவள் பிரெஞ்சில் சொல்ல, நான் வாளியைத் திறந்தேன். எங்கள் புழுங்கல் அரிசிக்குள் கையை விட்டு, நாலு மணியை எடுத்துக் கடித்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். அந்தக் கையை நான் பார்த்தேன். பாரம் தூக்குகிறவரின் தோள், ஆனால் கை குழந்தைப்பிள்ளையின் கை மாதிரி மெத்தென்று. அரிசியோடும் அந்தப் பூஞ்சணத்தோடும் ஊறின கை.

எவ்வளவு நேரம் ஊறவைப்பாய் என்று கேட்டார். "நேரம் பாக்கிறேல்லை, கையால பிடிச்சுப் பாப்பன்" என்றேன். இசபெல் சொன்னதும் அவர் வாய்விட்டுச் சிரித்து, தன் கையை உயர்த்திக் காட்டினார். எங்களுக்கும் அப்படித்தான் என்றாராம்.

மேசையில் இருந்தீர்கள். உங்கள் கிண்ணத்தை அவர் நிரப்பினார். அவருடையதை அவரே நிரப்பமாட்டாராம். பக்கத்தில் இருக்கிறவர்தான் வார்க்கவேண்டும் என்று இசபெல் சொன்னாள். நீங்கள் வார்த்தீர்கள், மேசையில் கொஞ்சம் சிந்திற்று. ஒரு வாய் குடித்தீர்கள். உங்கள் முகத்தைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது, வந்தவரைப் பசியோடு இருத்தக்கூடாது என்று ஓடிப்போய்ச் சாப்பாட்டுக் கோப்பைகளைக் கொண்டுவந்தேன். சோறு குவித்து, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பயித்தங்காய்ப் பால்கறி, அப்பளம், வடை, மோர்மிளகாய். விருந்தாளிக்கு முதலில் சோறு வைப்பதுதானே எங்களுக்கு மரியாதை.

அவர் சோற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். போத்தலை எடுத்து மெதுவாக மூடி, மேசைக்குக் கீழே வைத்துவிட்டு, எனக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். பிறகு சாப்பிடத் தொடங்கினார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. குழம்பு பிடிக்கவில்லையோ, ஏதும் பிழைவிட்டுவிட்டேனோ என்று இசபெலைப் பார்த்தேன். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர்கள் ஊரில் கறியும் பொரியலும் வைத்துக்கொண்டுதான் குடிப்பார்களாம். சோறு கடைசியில்தான் வருமாம். வீட்டுக்காரி சோறு வைத்தால், குடித்தது போதும் என்று அர்த்தமாம். இந்த வீட்டுக்குள் குடி இல்லை என்பதும், அதுவும் இன்றைக்கு விரதம் என்பதும் அவருக்குத் தெரியும், அதனால்தான் என் விருப்பத்துக்கு மரியாதை கொடுத்து மூடிவிட்டார் என்றாள்.

பாருங்கள், எனக்கு எவ்வளவு வசதி! என் சட்டமும் நிற்கிறது, பழியும் என்மேல் இல்லை. ஒரு வாய் குடித்தாயிற்று, விருந்தும் வைத்தாயிற்று. பேசாமல் இருந்திருக்கலாம். உங்களைத் திரும்பிப் பார்த்தேன். இசபெல் சொன்னது உங்களுக்கும் அரைகுறையாக விளங்கியிருந்தது. என்னை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தீர்கள், அடுத்த மாரிக்கும் பல்கனிதான் என்று முடிவெடுத்த ஆள் மாதிரி.

எனக்குத் தாங்கவில்லை. வைத்த சோற்றை எடுப்பது எங்கள் சனத்தில் எவ்வளவு பெரிய அவமரியாதை! அம்மா உயிரோடு இருந்திருந்தால் என் கையிலேயே அடித்திருப்பா. எழும்பிப் போய் அந்தப் பெரியவரின் கோப்பையைத் தூக்கினேன். பிறகு உங்கள் கோப்பையை, பிசைந்த கையோடு நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கத் தூக்கினேன்.

"சோறு பேந்து" என்றேன். "இப்ப குடியுங்கோ."

மேசைக்குக் கீழே குனிந்து போத்தலை எடுத்து, மூடியைத் திறந்து, என் கையால் உங்கள் கிண்ணத்தில் வார்த்தேன்.

"இஞ்சரும்..." என்று தொடங்கினீர்கள். சோற்றுக் கையோடேயே கிண்ணத்தைத் தூக்கினீர்கள். இசபெலுக்கு அழுகை, அந்தப் பெரியவருக்குச் சிரிப்பு. பால்கறியும் மோர்மிளகாயும் வடையும் திரும்பித் திரும்பி வந்தன. மோர்மிளகாயைக் கடித்துவிட்டு அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, இன்னொன்று கேட்டார். எனக்கும் ஒரு கிண்ணம் வார்த்தார். விரதம் என்று உதட்டில் தொட்டுவிட்டு வைத்தேன். அதை ஊற்றிவிட மனமில்லாமல் ஃபிரிட்ஜுக்குள் வைத்து, சனிக்கிழமை காலமை நீங்கள் கடைக்குப் போன நேரம் குடித்தேன். இன்றைக்குத்தான் சொல்கிறேன். முதலில் வெள்ளரிப்பழம், பிறகு அரிசி கழுவின தண்ணீரின் ஒரு இனிப்பு, பிறகு ஒன்றுமில்லை. நேரமறிந்து எழும்பிப் போகிற நல்ல விருந்தாளி மாதிரிப் போய்விட்டது. இதை வடிக்கிறவன் சும்மா மனுசன் இல்லை என்று தோன்றியது. அதை ஒரு சொட்டும் குடித்துப் பாராமல், உடைந்த போத்தலின் மணத்திலேயே கண்டுபிடித்த நீங்களும் சும்மா மனுசன் இல்லை.

அதற்குப் பிறகு போத்தல் வீட்டுக்குள் வந்தது. மாரி தொடங்கி முதல் வடிப்பு வந்தால் இசபெல் கொண்டுவருவாள், பெரியவர் எங்களைச் சுகம் கேட்டதாகச் சொல்லுவாள். நீங்கள் அவருக்குப் புழுங்கல் அரிசி அனுப்பினீர்கள். சாக்கேக்கு அது சரிவராது, ஆனால் வேலைக்காரரோடு இருந்து ஆக்கிச் சாப்பிட்டோம் என்று சொல்லி அனுப்பினார். உங்களுக்கு மட்டும் ஒரு புதுப் பழக்கம் வந்துவிட்டது. நீங்களே வார்க்கமாட்டீர்கள். வெறுங்கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு, நான் அடுப்படியில் வேலை முடித்து வரும்வரை பெரிய துரை மாதிரிக் காத்திருப்பீர்கள். நான் வார்த்துவிட்டு எதிரில் இருப்பேன். கதைத்து முடியும்வரை சோறு வராது. எங்கள் கலியாணத்தில் நாங்கள் அதிகம் கதைத்த வருடங்கள் அவைதான்.

நீங்கள் போனதன் எட்டாம் நாள் படையலுக்கு உங்கள் சனமெல்லாம் வந்தது. உங்களுக்குப் பிடித்தது என்று யாரோ விஸ்கிப் போத்தல் கொண்டுவந்தார்கள். அதை ஒதுக்கிவிட்டு, இசபெல் கண்ணீரோடு தந்துவிட்டுப்போன போத்தலைத் திறந்து, உங்கள் கிண்ணத்தில் வார்த்து, உங்கள் படத்துக்கு முன் வைத்தேன். சுற்றிவரப் பொரித்த மீன், றால், வடை, பால்கறி எல்லாம் வைத்தேன். உங்கள் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"சோறெங்க? சோறில்லாமலும் ஒரு படையலோ?"

"பொறுங்கோ மச்சாள்" என்றேன். "அவர் இன்னும் குடிச்சு முடிக்கேல்லை."

விசரி என்று நினைத்திருப்பார்கள். சோறு குசினியில் ஆறிக்கொண்டிருந்தது. எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொண்டுவந்து வைக்க எனக்குத் தெரியாதா? வைத்தால் நீங்கள் எழும்பிப் போய்விடுவீர்கள்.