பாதி விசுவாசத்தின் சாட்சி

ஏட்டி, இன்று காலை காற்று மேற்கே இருந்து அடித்தது. கூடவே முந்திரி ஆலையில் அண்டிக்கொட்டை வறுக்கும் புகையும் வந்து அடுக்களை முழுக்க நிறைந்துவிட்டது. தொண்டையைக் கரிக்கும் அந்தப் புகையை நான் ஒருநாளும் விரும்பியதில்லை. ஆனாலும் இன்று ஜன்னலை அடைக்க மனம் வரவில்லை. நீ கண்மூடிப் போய் இரண்டு வருடம் ஆகப் போகிறது. அந்தப் புகைக்குள் உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டே நீ என்னைப் படுத்திய பாடெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. உன்னிடம் சொல்ல எனக்கு ஒரு சேதியும் இருக்கிறது. நேற்று என் மகள் ஷைனியைப் பெண் பார்க்க வந்தார்கள். நடந்ததை நேரில் சொல்ல நீ இல்லை, அதனால் எழுதுகிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு நிறைவாக இருக்கும். குறுக்கே கேள்வி கேட்காமல் கேள். உன்னால் அது முடியாது என்று தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

ஆலையில் நம் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இடம். எட்டாம் வகுப்போடு நின்றவள் நீ, பத்தில் தோற்றவள் நான். மற்றப் பெண்கள் சீரியல் கதை பேசுவார்கள், மருமகள் கதை பேசுவார்கள். நீயோ காலையில் பஸ் ஏறுவதற்கு முன்னால் வேதப்புத்தகத்தில் ஒரு சின்னப் பகுதி வாசித்துவிட்டு வருவாய். முதல் கொட்டையை உடைக்கும்போதே ஆரம்பித்துவிடுவாய். “ஏட்டி, கெட்ட குமாரன் கதையில தம்பி திரும்பி வந்த பிறவு அந்த மூத்தவன் ஏன் வீட்டுக்குள்ள வரமாட்டேன்னு நின்னான்? அவன் சொன்னதிலயும் ஞாயம் உண்டுதானே?” என்பாய். எனக்கு எரிச்சலாக வரும். “போன ஞாயித்துக்கிழம போதகர் இதத்தானே பிரசங்கம் பண்ணினாரு, நீ தூங்கினியா?” என்பேன். “அவரு வாசிச்சத அவரு சொன்னாரு. நீ என்ன வாசிச்ச?” என்று திருப்பிக் கேட்பாய்.

நான் என்ன வாசித்தேன்! என் வேதப்புத்தகம் ஜிப் வைத்த உறைக்குள் பத்திரமாக இருந்தது. ஞாயிறு காலை என் கக்கத்தில் ஏறி சர்ச்சுக்குப் போகும், மத்தியானம் அலமாரிக்குத் திரும்பும். அதற்கு அதுதான் வேலை என்று நான் நினைத்திருந்தேன்.

உன் புத்தகத்துக்கு உறையே கிடையாது. ஓரமெல்லாம் பென்சிலால் கேள்விக்குறி. கொட்டை எண்ணெயில் கறுத்த உன் விரல் ரேகையும் அங்கங்கே கிடக்கும். ஒருநாள் பெண்கள் சங்கக் கூட்டத்தில் தலைவி அக்கா தன்னுடையது என்று நினைத்து உன் புத்தகத்தை எடுத்துத் திறந்துவிட்டார். அவர் முகம் போன போக்கை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. “என்ன பிள்ளே இது, வேதப்புத்தகத்தில கிறுக்கி வச்சிருக்க?” என்றார். நீ கொஞ்சமும் அசரவில்லை. “கிறுக்கல் இல்லக்கா, கேள்வியாக்கும். அவருகிட்ட கேக்காம வேற யாருகிட்ட போய்க் கேக்க?” என்றாய். அக்கா புத்தகத்தை மூடி உன் மடியில் வைத்துவிட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். சபையில் நாலுபேர் என்ன நினைப்பார்கள் என்பதுதான் அன்றைக்கு எனக்குப் பெரிய கவலை.

ஷைனி ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது முதல் தடவை வலிப்பு வந்தது. பள்ளிக்கூடத்து முற்றத்தில் விழுந்து, கையும் காலும் வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளிக் கிடந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாகர்கோவிலுக்கு ஓடினோம். டாக்டர் மாத்திரை எழுதினார். பல வருடம் சாப்பிட வேண்டும், ஒரு நேரம்கூடத் தவறக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம், வேதப்புத்தகத்தை ஜிப் உறையோடு எடுத்து அவள் தலையணைக்கு அடியில் வைத்தது. பயந்த பிள்ளைக்கு நம் பக்கத்து அம்மாமார் எல்லோரும் செய்கிற காரியம்தான். பார்க்க வந்த நீ பிள்ளையின் நெற்றியைத் தடவிவிட்டு, மெதுவாகத் தலையணையைத் தூக்கிப் பார்த்தாய். “அடியில வச்சா அது இன்னொரு தலையாணியாக்கும். எடுத்துத் திற ஏட்டி,” என்றாய். பிள்ளை கிடக்கிற கிடப்பில் உனக்குப் பரியாசமா என்று எனக்குச் சுள்ளென்று வந்தது. அந்த வாரம் முழுக்க உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வலிப்பு மறுபடியும் வந்தது. வீட்டில் ஜெபம் வைத்தோம். வெளியூரிலிருந்து ஓர் ஊழியக்காரர் வந்தார். நல்ல மனிதர்தான், கண்ணீர் விட்டுத்தான் ஜெபித்தார். முடித்துவிட்டு என்னைப் பார்த்து, “முழு விசுவாசம் இருந்தால் இந்த மாத்திரை எதற்கம்மா? தூக்கிப் போடுங்கள். அடுத்த ஞாயிறு கூட்டத்தில் எழுந்து சாட்சி சொல்லுங்கள்,” என்றார். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் ஆமென் என்றார்கள். என் வீட்டுக்காரர் அப்போது ரப்பர் வெட்டுக்குக் கேரளாவில் இருந்தார். போனில் கேட்டால், “எல்லாரும் சொல்லுதது போலச் செய்,” என்றார்.

எனக்கு மனதுக்குள் வெப்ராளம் தாங்கவில்லை. மாத்திரையைக் கொடுத்தால் நான் அவிசுவாசி. கொடுக்காவிட்டால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ? மறுநாள் ஆலைக்குள் நுழைந்ததும் உன்னைப் பிடித்தேன். “நீ இவ்வளவு வாசிக்கிய ஆளாச்சே. சொல்லு. குடுக்கவா, நிறுத்தவா?”

கையில் இருந்த கொட்டையைக் கீழே வைத்தாய். “குடு. நீ ஒரு தீர்மானத்துக்கு வரும் வரைக்கும் ஒரு நேரம்கூட விடப்பிடாது, கேட்டியா. பிள்ளைக்க உயிராக்கும். ஆனா ஞாயித்துக்கிழம என்ன சொல்லணும்னு நான் சொல்லித் தரமாட்டேன். நான் சொன்னா அது எனக்க வார்த்தை. நாளைக்கு இன்னொருத்தர் வந்து வேற சொன்னா அதுக்கும் தலைய ஆட்டுவ.”

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும், வலிப்புக்காரப் பையனைத் தூக்கிக்கொண்டு இயேசுவிடம் வந்த தகப்பனின் கதை இருக்கும் பக்கத்தைக் காட்டினாய். அங்கேயும் ஒரு கேள்விக்குறி. “பைய வாசி. நீ அந்தக் கூட்டத்தில நின்னா எதப் பாப்பியோ அதப் பாரு,” என்றாய். அவ்வளவுதான். கையைக் கழுவிவிட்டுக் கொட்டை உடைக்கப் போய்விட்டாய்.

அன்று மனதுக்குள் உன்னை நான் திட்டாத திட்டில்லை. நட்பு என்று நினைத்து ஓடி வந்தால் பரீட்சை வைக்கிறாளே என்று இருந்தது. ஆனாலும் வீட்டுக்குப் போய் ஜிப்பைத் திறந்தேன். எத்தனையோ பிரசங்கத்தில் கேட்ட கதைதான். விரல் வைத்து வரி வரியாக வாசித்தபோது முதலில் வந்தது கோபம். பிள்ளையைப் பிடித்திருப்பது ஆவி என்று எழுதியிருந்தது. ஊரில் என் முதுகுக்குப் பின்னால் பேசியதும் அதுதானே! படாரென்று மூடிவிட்டு மறுநாள் உன்னிடம் சண்டைக்கு வந்தேன். “நான் கேள்வி போட்டதும் அதுக்குத்தான்,” என்றாய். “அந்தக் காலத்து ஆளுவளுக்கு அப்பிடித்தான் தெரிஞ்சுது. அதுக்காவ மூடிராத. இன்னும் வாசி.”

இன்னும் வாசித்தேன். பையன் தரையில் விழுந்து புரளும்போது இயேசு தகப்பனிடம் ஒன்று விசாரிக்கிறார்: எவ்வளவு காலமாக இப்படி வருகிறது? ஏட்டி, நாகர்கோவில் டாக்டர் என்னிடம் முதலில் கேட்டதும் அதே கேள்விதான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் அந்தத் தகப்பன், நம்புகிறேன் என்கிறான், நம்ப முடியாமலும் இருக்கிறேன், உதவும் என்று கதறுகிறான். பாதி விசுவாசக்காரன். போய் மீதியையும் கொண்டு வா என்று அவனை யாரும் திருப்பி அனுப்பவில்லை. பிள்ளைக்குச் சுகம் கிடைக்கிறது. நான் அடுக்களையில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதேன். அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். “எனக்க பிள்ளைக்கு ஜெபமும் பண்ணுதேன், மாத்திரையும் குடுக்குதேன். ரெண்டையும் விடமாட்டேன். டாக்டர் கேட்ட அதே கேள்விய ஆண்டவரும் அந்தத் தகப்பங்கிட்ட கேட்டாரு. எனக்கு விசுவாசம் பாதிதான் உண்டு. அவனுக்கும் பாதிதான் இருந்துது. இதாக்கும் எனக்க சாட்சி,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

ஊழியக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அப்போது பின்வரிசையிலிருந்து கூரை அதிர ஒரு “ஆமென்!” உன் குரல் எனக்குத் தெரியாதா? எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உனக்கு என்ன வெட்கமா, ஒன்றா! வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “டாக்டர் கேட்ட கேள்விய நான் பாக்கலியே ஏட்டி. இவ்வளவு நாளா வாசிச்சும் பாக்கலியே,” என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தாய். அன்று எனக்கு இருந்த பெருமை என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

அதற்குப் பிறகு என்னைத் தூண்டிவிடும் வேலை உனக்குக் குறைந்தது. காலையில் நானும் வாசித்துவிட்டு வர ஆரம்பித்தேன். இருவருக்கும் ஒரே பகுதி, ஆனால் பார்த்தது வேறு வேறாக இருக்கும். கொட்டை உடைத்துக்கொண்டே சண்டை போடுவோம். எதிரே உட்கார்ந்திருந்த, சர்ச்சுக்கே வராத ஐயாவழிக்காரி செல்வம் அக்காகூட, “இன்னைக்கு எந்தக் கதைக்கு ரெண்டுபேரும் அடிச்சுக்கிடுதிய?” என்று கேட்டுவிட்டு, கடைசியில் அவர் பங்குக்கு ஒரு தீர்ப்பும் சொல்வார். என்னிடம் இருந்த எடுத்தெறிந்த பேச்சு கொஞ்சம் குறைந்ததும், மாமியாரிடம் நான் பொறுமையாகப் பதில் சொல்லப் பழகியதும் அந்த வருடங்களில்தான். முழுக்கக் குறைந்துவிட்டது என்று சொன்னால் நீயே மேலே இருந்து சிரிப்பாய்.

வயிற்றில் கட்டி என்று நீ படுத்தபோது புத்தகத்தைத் தூக்கவும் உன் கையில் பலம் இல்லை. சாயங்காலம் நான் வந்து வாசித்தேன். ஒரு வரி முடிவதற்குள் நிறுத்தச் சொல்லிக் கேள்வி கேட்பாய். ஒருநாள் மட்டும் கேள்வி கேட்காமல், “பயமா இருக்கு ஏட்டி,” என்றாய். “எனக்கும்தான்,” என்றேன். வேறென்ன சொல்ல? அதற்கு நீ சிரித்தாய். “அப்ப உனக்க பாதியும் எனக்க பாதியும் சேந்தா ஒண்ணாச்சு,” என்றாய். நான் வாசலுக்கு வந்துதான் அழுதேன்.

இனி நேற்றைய சேதி. ஷைனி இப்போது மார்த்தாண்டத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வலிப்பு வந்து வருடங்கள் ஆகிவிட்டன, ஒரு மாத்திரை மட்டும் இன்னும் தொடர்கிறது. பையன் வீடு திற்பரப்புப் பக்கம். குவைத்தில் வேலை, நல்ல குடும்பம். தரகர் முதலிலேயே சொல்லிவிட்டார்: “அந்தக் காரியத்த மட்டும் இப்ப சொல்லாண்டாம். கல்யாணம் கழிஞ்சா எல்லாம் செரியாவும்.” என் வீட்டுக்காரரும் அதையே சொன்னார். முந்தின நாள் ஷைனி என்னிடம் வந்து, “அம்மா, சொல்லணுமா, வேண்டாமா?” என்று கேட்டாள்.

ஏட்டி, சத்தியமாகச் சொல்கிறேன், ‘வேண்டாம்’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. இது தட்டிப் போனால் அடுத்தது எப்போது வரும்? என் பிள்ளை தனியாகவே இருந்துவிடுவாளோ? நீ இருந்திருந்தால் அந்த நிமிடமே உன் வீட்டு வாசலில் வந்து நின்றிருப்பேன். நீ என்ன சொல்லியிருப்பாய் என்பதும் எனக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு, “நான் சொன்னா அது எனக்க பயமாக்கும் மக்களே. நீயே பாரு. எது செய்தாலும் நான் உனக்க பக்கத்தில நிப்பேன்,” என்றேன். அவள் தன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தாள். என்ன வாசிக்கிறாள் என்று எட்டிப் பார்க்க ஆசைதான், பார்க்கவில்லை.

நேற்று பையனும் அவன் அம்மாவும் மாமாவும் வந்தார்கள். முந்திரிக்கொத்தும் டீயும் கொண்டு வைத்த ஷைனி உள்ளே போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “ஒரு காரியம் சொல்லணும். எனக்குச் சின்ன வயசில வலிப்பு உண்டு. இப்ப வருததில்ல. மாத்திரை சாப்பிடுதேன், டாக்டர் நிறுத்தச் சொல்லும் வரைக்கும் சாப்பிடுவேன். இத மறச்சு வச்சு உங்க வீட்டுக்கு வர எனக்கு மனசில்ல.”

தரகருக்கு முந்திரிக்கொத்து புரையேறியது. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். பையனின் அம்மா, “இத முன்னயே யாரும் சொல்லலியே,” என்றார். “அதுக்குத்தான் அம்மா நான் சொல்லுதேன்,” என்றாள் இவள். நான் எழுந்து போய் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். பையன் டீயை முழுக்கக் குடித்தான். வீட்டில் கலந்து பேசிவிட்டுப் போன் பண்ணுவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

அவர்கள் தலை மறைந்ததும் என் வீட்டுக்காரர், “எல்லாத்தையும் கெடுத்துப் போட்டா,” என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் எழுந்து கடைப் பக்கம் போய்விட்டார். அப்புறம் ஷைனியிடம், “எங்கேருந்து மக்களே வந்துது உனக்கு இந்தத் தைரியம்?” என்று கேட்டேன்.

“அந்தக் கதையத்தான் வாசிச்சேன் அம்மா. தகப்பன் பேசுதான், இயேசுவுக்க சீஷம்மாரு பேசுதாவ, சுத்தி நிக்கிய கூட்டமும் பேசுது. அந்தப் பையன் மட்டும் பேசவே இல்ல. சுகமான பிறவாவது அவன் என்ன சொன்னான்னு யாரும் எழுதி வைக்கல. விழுந்தது அவனாக்கும். அவனுக்குச் சொல்ல ஒண்ணும் இருந்திருக்காதா? அதான், எனக்க காரியத்த நானே சொல்லணும்னு தோணிச்சு.”

அந்தப் பக்கத்தை நீயும் நானும் எத்தனை வருடம் புரட்டினோம்! நான் பெற்றவள், எனக்குத் தகப்பன்தான் தெரிந்தான். உனக்கு உன் கேள்விக்குறிதான் தெரிந்தது. விழுந்தவளுக்குத்தான் விழுந்தவன் தெரிந்திருக்கிறான். உன்னிடம் ஓடி வந்து, ‘நாம பாக்கலியே ஏட்டி’ என்று கத்த வேண்டும் போல இருந்தது.

நீ தந்துவிட்டுப் போனது என்னோடு இருக்கிறது. இன்னொருவர் வாசித்துச் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டு இனி என்னால் வாழ முடியாது, என் பிள்ளையாலும் முடியாது. திற்பரப்பிலிருந்து இன்னும் போன் வரவில்லை. வந்தால் வரட்டும், வராவிட்டால் அது அவர்கள் பாடு. ஷைனி காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வழக்கம்போல மார்த்தாண்டம் பஸ் ஏறிப் போனாள். நேற்று அத்தனை பேருக்கு நடுவில் என் மகள் பேசினாள், ஏட்டி.