மனஸ்தாபம் என்று எழுத மாட்டேன்

ஜூலை 4, வெள்ளி

விடிந்ததிலிருந்து சாரல். துணி காயவில்லை. தங்கச்சி செல்விக்குக் கஞ்சி, ஸ்ட்ராவில். உடைந்த தாடைக்குக் கம்பி கட்டியிருக்கிறது, பேச முடியாது. வேண்டியதை நோட்டில் எழுதிக் காட்டுகிறாள்.

குற்றாலத்திலிருந்து சித்தப்பா வந்தார். செல்வியைத் திரும்ப அங்கே அனுப்புவதற்காக நான் எழுதிய சமாதானப் பேப்பரை அவள் புருஷனின் அண்ணன் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். 'சிப்ஸ் அரிக்கும் இரும்பு ஜாரணியால் அடித்தார்' என்ற வரிக்குச் சிவப்புக் கோடு. மேலே 'மனஸ்தாபம்' என்று திருத்தியிருந்தது.

"எல்லார் வீட்டுப் பேப்பர்லயும் அப்படித்தானட்டி எழுதுவாங்க. ஒரு வார்த்தைக்கு ஏன் இந்தக் குதி குதிக்க? சீசன்ல சிப்ஸ் கடையில ஒத்தையில கிடந்து சாகுதான் அவ புருஷன்."

செம்பை எறிந்தேன். சுவரில் பட்டது. சித்தப்பா தப்பித்தார்.

ஜூலை 5

கேஸ் புக் பண்ண. துவரம்பருப்பு.

பதில் எழுதினேன், மூன்று தடவை கிழித்து. 'அண்ணாச்சிக்கு. கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை என்று முகத்தைத் திருப்பினால் அது மனஸ்தாபம். அதில் பல் விழாது. இவளுக்கு மூன்று விழுந்திருக்கிறது. அடித்தார் என்று இருந்தால்தான், உங்கள் தம்பி கையெழுத்துப் போட்டால்தான் செல்வியை அனுப்புவேன்.'

சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் 'எண்ணெய்த் தரையில் வழுக்கிவிட்டாள்' என்று அவன் சொன்னபோது பக்கத்தில் நின்று தலையாட்டியவள்தானே நான். இந்தத் தலையை வெட்டிப் போட வேண்டும்.

ஜூலை 7, திங்கள்

'கோபத்தில் கை பட்டுவிட்டது' என்று போடலாமாம், அண்ணாச்சி சொல்லி அனுப்பியிருக்கிறார்.

கை பட்டதாம்! அந்தக் கையை அம்மியில் வைத்து நசுக்க வேண்டும். ஒவ்வொரு விரலாக. எழுதிவிட்டேன், அழிக்கப் போவதில்லை. சித்தப்பாவிடம் ஒரே பதில்: "அடித்தார். வேற பேச்சு கிடையாது."

ஜூலை 8

மழை இல்லை. பேப்பர் வந்துவிட்டது. 'அடித்தார்' அப்படியே இருக்கிறது, கீழே அவன் கையெழுத்து. நாளைக் காலை செல்வியை அனுப்ப வேண்டும்.

ஜெயித்த திமிரில் செல்வியிடம் நீட்டினேன். "பாத்தியாட்டி, எங்கிட்டயா வாலாட்டுதானுவ!"

படித்தாள். பேனாவை வாங்கி, நான் இத்தனை நாள் மல்லுக்கட்டிய வரியின் மேல் கோடு போட்டாள். பக்கத்தில் எழுதினாள்: 'கொதிக்கிற எண்ணெயில் என் தலையை அமுக்கப் பார்த்தார். திமிறினேன். அதற்குத்தான் ஜாரணி.'

பிறகு நோட்டை எடுத்து எனக்கு ஒரு வரி.

'என்ன நடந்துச்சுன்னு நீ என்கிட்ட கேக்கவே இல்லக்கா.'

கேட்கவில்லை.

ஆட்டோவுக்குச் சொல்லியாயிற்று, போலீஸ் ஸ்டேஷனுக்கு. செல்வி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். பேப்பர் அவள் கையில்.