பதினோராம் பக்கம்

சிதம்பரம்
3-7-1964

தம்பி முஹம்மது யூசுபுக்கு உன் கூடப்பிறந்த லாத்தா அஜீசுன்னிசா ஸலாம் சொல்லி எழுதுவது.

நலமா என்று கேட்க இன்று மனசு வரவில்லை. நீ அனுப்பிய, பெண்களுக்கான நம் தெருப் புது மதரஸாவின் திறப்பு விழா மலர் கிடைத்தது. எனக்குத் தமிழெழுத்து தெரியாதே, பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளியை வாசிக்கச் சொன்னேன். பதினோராம் பக்கத்தில், நீ எழுதிய ‘நமது தெருவின் கல்வி வரலாறு’ வந்ததும் நிறுத்திவிட்டாள். “வேணாங்க்கா, கோவப்படுவீங்க” என்றாள். படி என்றேன். ‘இத்தெருப் பெண்கள் இதுநாள்வரை ஓரெழுத்தும் அறியாது இருளில் கிடந்தனர்’ என்று படித்தாள்.

யாரடா இருளில் கிடந்தது? இருபத்தெட்டு வருஷமாக என் வீட்டுக் கூடத்தில் பெண்பிள்ளைகள் குர்ஆன் ஓதுகிறார்கள். ஓதி முடித்த கையோடு, அந்த அரபு எழுத்தை வைத்தே தமிழ் எழுதவும் படிக்கவும் கற்றுக்கொடுக்கிறேன். பினாங்கில் இருக்கும் புருஷனுக்குக் கடுதாசி எழுத, இந்தத் தெருவில் எவளாவது அடுத்த வீட்டு ஆம்பளையிடம் போய் நின்றிருக்கிறாளா? இப்போது நீ படிக்கும் இந்தக் கடிதமும் அந்த அரபுத்தமிழ்தானே? இதை ஜின் ஏதாவது வந்து எழுதியதா?

விழாவுக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. அந்த வரியை எடு.

லாத்தா

கடலூர் முதுநகர்
9-7-1964

அன்புள்ள லாத்தாவுக்கு, ஸலாம்.

கோபத்தை ஆற்றிக்கொண்டு, புஷ்பவள்ளி வாசிப்பதைக் கேளுங்கள். உங்களைக் குறைத்து எழுதுவேனா? விழாவுக்குக் கல்வி அதிகாரி வருகிறார். அவருக்கு எழுத்தென்றால் தமிழ், இல்லாவிட்டால் இங்கிலீஷ். முன்பு ஒன்றுமே இல்லை என்றால்தான் மதரஸாவின் அருமை தெரியும் என்று கமிட்டியில் சொன்னார்கள். கடலூரில் இருந்தாலும் நம் தெருக் கமிட்டிக்கு நான்தான் செயலாளர், எழுதிக் கொடுத்தேன். முன்னூறு பிரதியும் இங்கே அச்சாகிவிட்டது.

விழாவில் உங்களுக்குச் சால்வை உண்டு. உங்களிடம் ஓதும் நாற்பது பிள்ளைகளையும் புது மதரஸாவில் சேர்த்துவிடுங்கள். ஒப்படைத்ததாக ஒரு தாள் வரும், அதில் கைநாட்டு வைத்தால் போதும்.

தம்பி யூசுப்

சிதம்பரம்
2-8-1964

யூசுபுக்கு,

இது தமிழெழுத்து. புஷ்பவள்ளி மகளின் சிலேட்டில் இருபது நாளில் படித்தேன். முன்பே எழுதத் தெரிந்தவளுக்கு இன்னோர் எழுத்து பெரிய காரியமா?

கைநாட்டா? எனக்கா? உன் விரலைப் பிடித்து முதலெழுத்து அலிஃப் போட வைத்த கைக்கா?

சால்வையை நீயே போர்த்திக்கொள். புது இடத்தில் பெஞ்சும் ஃபேனும் இருக்கிறதாம், சந்தோஷம். ஆனால் அந்த மலரில் அந்த வரி இருக்கும்வரை என் பிள்ளை ஒருத்தியும் அந்த வாசற்படி மிதிக்கமாட்டாள்.

இருபது வருஷமாக நான் எழுதிய கடிதங்களைப் பெட்டியில் வைத்திருக்கிறாய். எழுத்தே இல்லாத தாள் உனக்கெதற்கு? திருப்பி அனுப்பு. நம்மைப் பெற்ற அத்தா கண்ணை மூடி மௌத்தான அன்று எழுதியதை முதலில் அனுப்பு. மதராஸ் காலேஜிலிருந்து அழுதுகொண்டே ரயிலேறி வந்தாயே, எதைப் படித்துவிட்டு அழுதாய்?

இனி உனக்கு எழுதுவதாக இல்லை.

அஜீசுன்னிசா

கடலூர் முதுநகர்
7-8-1964

லாத்தா,

ரொம்ப வருஷம் கழித்து நம் அரபுத்தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், கை கோணுகிறது. பெட்டியைத் திறந்து அத்தா கடிதத்தை எடுத்தேன். நாலு வரிக்குமேல் முடியவில்லை. எதையும் திருப்பி அனுப்பமாட்டேன்.

உங்களுக்கு அனுப்பியது போக மற்ற மலரெல்லாம் என் வீட்டில்தான் கிடக்கின்றன. நேற்றிலிருந்து பதினோராம் பக்கத்தைக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். கமிட்டித் தலைவர் ஜமாலுதீன் மாமா சிதம்பரத்திலிருந்து வந்து சத்தம் போட்டார். “ஒரு பொம்பள பேச்ச கேட்டுக்கிட்டா இதெல்லாம் பண்றே?” என்றார். “எனக்கு ஓதிக்குடுத்தவுங்க பேச்சு மாமா” என்றேன். செயலாளர் வேலை போய்விட்டது. மலர்க்கட்டை மட்டும் நான் கொடுக்கவில்லை.

அந்தப் பக்கத்தை நீங்களே எழுதுங்கள், நம் எழுத்தில். உங்கள் கையெழுத்தை அப்படியே படம்பிடித்து அச்சு பிளாக் எடுத்து, அச்சடித்து ஒட்டுகிறேன். என்னைத் திட்டுவதானால் அதிலேயே திட்டுங்கள்.

உங்களிடம் ஓதிய
யூசுப்

சிதம்பரம்
11-8-1964

தம்பி யூசுபுக்கு ஸலாம்.

உன்னைத் திட்ட அதில் இடமில்லை. என்னிடம் ஓதி முடித்து எழுத்தும் கற்ற பிள்ளைகளின் பெயர் மட்டும் எழுதியிருக்கிறேன், நூற்றுப் பன்னிரண்டு பேர். சலீமா பீவியில் தொடங்கிச் சைனம்பு வரைக்கும். நுணுக்கி நுணுக்கி எழுதியும் ஓரம் வரை வந்துவிட்டது.

கீழே என் கையெழுத்து இருக்கிறது. பிளாக் எடுக்கிறவன் இடம் போதவில்லை என்று அதை வெட்டாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்.

லாத்தா அஜீசுன்னிசா