பிரிஜில் இறைச்சி, அடுப்படியில் ஊசி

றுஸைனாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் கத்தாரில் சுகம். நீயும் பிள்ளையும் சுகமா?

போனில் ஏசத் தொடங்கினால் எனக்கே சிரிப்பு வந்துவிடும், அதனால் எழுதுகிறேன். பெருநாளன்று பக்கத்து வீட்டில் அறுத்துப் பங்கிட்ட குர்பான் இறைச்சிக்கு இடம் விட்டு, உன் ஊசி மருந்தைப் பிரிஜிலிருந்து எடுத்து அடுப்படியில் வைத்தாயாம். மகள் ஸஹ்னா கேட்டதற்கு, "ரெண்டு நாள்தானே, ஊசி என்ன நாறியா போகும்?" என்றாயாம்.

டொக்டர் சொன்னது ஒன்பதாம் வகுப்போடு நின்ற எனக்கே விளங்கியது. உன் இரத்தத்தில் ஒரு புரதம், கிருமி வராதபோதும் வந்துவிட்டதாகத் தகவல் அனுப்ப, உடம்பு உன் விரல் மூட்டுகளையே தாக்குகிறது. காரணமில்லாமல் கத்துவதில் அது என் இனம். அதன் வாயை அடைக்கும் மருந்து சூட்டில் கெட்டுவிடும். இறைச்சியை உப்புக்கண்டம் போடலாம், இதைப் போட முடியுமா?

அந்த ஊசியைப் போடாதே. கடிதம் கிடைத்த மறுநாளே மாத்தளை கிளினிக்கில் உள்ளதைச் சொல். வெட்கமாக இருந்தால் புருஷன் ஏசினார் என்று சொல்.

பதிலை ஸஹ்னாவிடம் சொல்லி எழுதாதே, உன் கையாலேயே எழுது. விரல் மடங்குகிறதா என்று எழுத்தில் பார்த்துக்கொள்கிறேன்.

டியூட்டிக்கு வேன் வந்துவிட்டது.
நளீம்